பாத்திரம் கழுவுதலும் தியானமே

இன்று ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பிரான்சில் வாழ்ந்த வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், 1974ஆம் ஆண்டில், தாயகத்திலிருந்த குவாங் என்ற ஊழியருக்கு எழுதிய நீண்ட கடிதம் அது. பின்னர் நூலாகிப் பல மொழிகளிலும் பரவியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1976இல் வெளியிட்டோருள் கண்டியிலுள்ள பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கமும் ஒன்று என்பது நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

குவாங் பணியாற்றியது, திக் நாட் ஹான் அறுபதுகளில் முன்னின்று தொடங்கிய சமூக சேவை இளைஞர் பள்ளியிலாகும். அதன் இளைஞர்கள் கிராமங்களிற் பாடசாலைகளையும் மருத்துவ நிலையங்களையும் அமைத்தனர். குண்டுவீச்சில் அழிந்த வீடுகளை மீளக் கட்டினர். போரில் எப்பக்கமும் சாராதபடியால் இரு தரப்பினரதும் ஐயத்துக்கு ஆளாயினர். சிலர் கொல்லப்பட்டனர்.

இத்தகையோருக்கு அவர் எழுதியது என்ன? பாத்திரம் கழுவுவது பற்றி, தேநீர் அருந்துவது பற்றி, மூச்சைக் கவனிப்பது பற்றி! அடுத்து அருந்தப்போகும் தேநீரை எண்ணியபடி பாத்திரம் கழுவுபவர், தேநீர் கைக்கு வந்ததும் வேறொன்றை எண்ணுவார். இரண்டிலுமே அவர் இருக்கமாட்டார் என்பது அவரது வாதம்.

ஊர் எரிகையிற் பாத்திரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், அச்சமும் ஆத்திரமும் நாளும் சூழ்ந்திருக்கும் இடத்தில் தொண்டு செய்வோர் முதலில் இழப்பது தமது மனத்தையே. ஒதுங்கியிருந்து தியானிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே, செய்யும் வேலையையே தியானமாக்கும் வழியை அவர் காட்டினார்.

கடிதத்தில் ஒரு தந்தை வருகிறார். மகனுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, மிச்சம் தனக்கு என்று நேரத்தைப் பங்கிட்டு வந்தவர் அவர். மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரமும் தன்னுடைய நேரமே என்று கண்டபின், அவருக்கு நேரப் பஞ்சம் நீங்கிவிடுகிறது. நம் வீடுகளுக்கும் பொருந்துவதல்லவா இது?

பாளி மொழியில் 'சதி' என்பது வடமொழியின் 'ஸ்மிருதி'. நினைவு என்பது அதன் நேர்ப்பொருள். மறவாமையை வள்ளுவரும் 'பொச்சாவாமை' என்று தனி அதிகாரமாக வகுத்தார். இரண்டும் ஒன்றல்ல. அவர் மன்னனை நோக்கி, மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறவாதே என்றார். இவரோ கையிலுள்ள வேலையை மறவாதே என்று அடுக்களையில் நிற்பவருக்குச் சொல்கிறார்.

1966இல் தாயகத்தைவிட்டுச் சென்ற திக் நாட் ஹான், 2005இலேயே மீண்டும் அங்கு செல்ல முடிந்தது. 2022இல், தாம் இளமையில் துறவு பூண்ட ஹுவே நகர விகாரையிற் காலமானார். சொந்த மண்ணில் இருக்க முடியாத ஒருவரே, இருக்கும் இடத்தில் முழுமையாக இருங்கள் என்று எழுதினார் என்பதை எண்ணிப்பார்க்கையில், அந்த எளிய வாசகங்களின் கனம் புரிகிறது.

இன்றிரவு உணவுக்குப் பின்னர் கழுவவேண்டிய பாத்திரங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். தொடங்குவதற்கு அவையே போதும்.