கடைக்காரரைக் கேள்வி கேட்ட பாட்டு

குடியைப் பற்றிய பாட்டுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. காதல் தோல்வியில் குடிக்கும் பாட்டு, போதையில் ஆடும் பாட்டு, குடிகாரனுக்குப் புத்தி சொல்லும் பாட்டு... எல்லாமே குடிப்பவனைச் சுற்றியே வரும். விற்பவரை நேருக்கு நேர் கேட்ட பாட்டு ஒன்று 2015இல் வந்தது. பாடியவர் சிறைக்குப் போனார்!

அவர்தான் கோவன், மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். 2015 ஜூலை 31 அன்று, மதுக்கடையை அகற்றக் கோரி கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மாநிலமே கொதித்தது. 'மூடு டாஸ்மாக்கை மூடு' என்ற கோவனின் பாட்டு அந்தக் கோபத்துக்குக் குரலானது. அக்டோபர் 30 அன்று திருச்சியில் அவரைக் கைது செய்து, தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் பாட்டைக் கேட்காதவர்களும் தேடிக் கேட்டுவிட்டார்கள்.

மேல்நாட்டிலும் போதையைப் பாடினார்கள். நியூயார்க்கின் பங்க் ராக் கலைஞர் டீ டீ ரமோன், ரிச்சர்ட் ஹெல்லோடு சேர்ந்து எழுதிய 'சைனீஸ் ராக்ஸ்', 1977இல் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவின் இசைத்தட்டாக வந்தது. ஹெராயினுக்காக வீட்டுப் பொருளெல்லாம் அடகுக்குப் போகும் கதை. எழுதியவருக்கு அது கற்பனையல்ல. 2002இல் ஹெராயின்தான் அவர் உயிரைப் பறித்தது. அடிமைப்பட்டவனின் அறையை அந்தப் பாட்டு காட்டியது. கோவனின் பாட்டு கடையைக் காட்டியது.

கடையைக் கேட்பது நம் மண்ணுக்கும் புதிதல்ல. பினாங்கில் அபின் விற்கும் உரிமையை வெள்ளைக்காரர்கள் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார்கள். தோட்டத் தமிழருக்குக் கள்ளுக்கடை. 1947இல் கெடாவில் தொண்டர் படை அந்தக் கடைகளை எதிர்த்து நின்றது.

கோவன் பாட்டால் என்ன விளைந்தது? 2016 தேர்தலில் பெரிய கட்சிகளே மதுவிலக்கை வாக்குறுதியாக்கின. அந்த மே மாதம் 500 கடைகளை மூட உத்தரவு வந்தது. 2017இல் 500, 2023இல் 500 என்று மேலும் மூடினார்கள். அப்புறமும் 2023இல் 4,800க்கு மேல் மிச்சம் இருந்தன. கடையை மூடினால் மட்டும் போதுமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விற்பவரைக் கேட்பது பாதி வேலை. குடிநோயாளிக்கு மருத்துவமும் துணையும் தருவது மறுபாதி.

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலையானுக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதமிருந்து, குடியைத் தொடாதவர்கள் உண்டு. அத்தனை நாள் நிறுத்தத் தெரிந்தவருக்கு 49ஆம் நாள் யார் துணை? அந்தக் கேள்வியைப் பாட்டு கேட்கவில்லை. குடும்பமும் ஊரும்தான் கேட்க வேண்டும்.