மேடை ஏறும் முதல் வாத்தியம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பௌதிகமும் கணக்கும் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கும், ராக் இசைக்குழுவில் வாசிக்கப்பெறும் பேஸ் கிட்டாருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. அஃது என்னுடைய பிழை ஒன்றினால் உண்டான உறவு. அதனைச் சொல்லுமுன் வாத்தியத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன்.

கிட்டாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு. கிட்டாரின் தடித்த நான்கு தந்திகள் ஒலிக்கும் சுரங்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை ஒலிக்கும். மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சிறிய ஒலிபெருக்கிகள் வெளியிட மாட்டா. என் இளமையில் டிரான்சிஸ்டர் வானொலியில் பாட்டுக் கேட்ட காலத்தில் இப்படியொரு வாத்தியம் உண்டென்றே நான் அறிந்ததில்லை. இளையராஜா அவர்களின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பாடுவோர் குரலுக்கு அடியில் மற்றொரு மெட்டு தனக்கென ஒரு நடையுடன் சென்றுகொண்டிருக்கும். அதுதான் பேஸ்.

முன்னாளில் இவ்வேலையை ஆள் உயரமுள்ள டபுள் பேஸ் என்னும் வாத்தியம் செய்துவந்தது. அதனைச் சுமந்து செல்வதும் கடினம். அதில் சுரத்தானம் தவறாமல் வாசிப்பதும் கடினம். 1951-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில், லியோ பெண்டர் என்பார் மின்சாரத்தால் இயங்கும் பேஸ் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். நம் வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் அதன் தண்டியில் பதிக்கப்பெற்றிருந்தன. விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாகப் பிறந்தமையால் 'பிரிசிஷன்' என்று அதற்குப் பெயரிட்டார்.

இனி, 'இண்டி ராக்' என்பது யாது? பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளைச் சாராமல், தம் பாட்டைத் தாமே இயற்றித் தாமே வெளியிடும் இளைஞர்களின் இசை அது. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்னும் குழுவினர் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கடன் பெற்று, 1977 ஜனவரியில் தம் முதல் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். அவர்களைப் பின்பற்றியவர் பலர். ஆகவே இவ்விசையில் ஈடுபடுவோர் கையில் பணம் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு காசையும் எண்ணியே வாத்தியம் வாங்க வேண்டியிருக்கும்.

என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் ஒரு கல்லூரியில் படிக்கின்றான். அவனும் நண்பர் மூவரும் சேர்ந்து அத்தகைய குழு ஒன்றை அமைத்தார்கள். பேஸ் அவன் பங்காயிற்று. "தாத்தா, வாத்தியம் வாங்க உதவ வேண்டும்" என்று என்னிடம் கேட்டான். "இருப்பதில் மலிவானதை வாங்கிக்கொள், இதெல்லாம் நாலு நாள் விளையாட்டு" என்று சொல்லி எண்ணாயிரம் ரூபாய் கொடுத்தேன். அவனும் பளபளக்கும் கறுப்பு நிறத்தில் ஒன்றை, வாசித்துப் பார்க்காமலே வாங்கிவந்தான்.

கல்லூரி விழாவில் அவர்களுடைய முதல் அரங்கேற்றம். நான் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தேன். முதற்பாட்டிலேயே சுருதி கலைந்தது. இரண்டாம் பாட்டில், மின்கம்பியைச் செருகும் துளை தளர்ந்திருந்தமையால், கரகரவென்று ஓசை எழுந்து பிறகு வாத்தியமே ஊமையாயிற்று. டிரம் வாசித்த பையன் திகைத்துக் கையை நிறுத்தினான். பாட்டு நின்றது. அவையில் சிரிப்பு எழுந்தது. என் பேரன் தலைகுனிந்து நின்றான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோனாமீட்டரைக்கூடச் சோதிக்காமல் மாணவர் கையில் நான் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன், எனக்குப் பழக்கமில்லாத இசை என்பதனால், சொந்தப் பேரனைச் சோதிக்காத கருவியோடு மேடைக்கு அனுப்பிவிட்டேன். பணம் குறைந்ததன்று குற்றம். மதியாமல் கொடுத்ததே குற்றம். அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து கடைக்குச் சென்றோம். அன்று நாங்கள் செய்தவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, கையில் இருந்த இருபத்தைந்தாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தோம். தோள்வார், நல்ல மின்கம்பி, உறை, புதுத் தந்திகள், தேர்ந்தவரிடம் கொடுத்துச் சீர்செய்யும் கூலி ஆகியவை அதில் அடங்க வேண்டும். வாத்தியத்திற்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிடுவோர் பிறகு வருந்துவர்.

இரண்டாவது, வாத்தியத்தைத் தோளில் மாட்டி நின்றோம். கடையில் அமர்ந்து வாசிக்கும்போது சுகமாக இருப்பது, மேடையில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது சுமையாகிவிடும். நான்கு கிலோ அளவில் இருப்பது தாங்கத்தக்கது. இரு கைகளையும் எடுத்துவிட்டால் தண்டி தானே கீழ்நோக்கிச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயுமாயின், இடக்கை சுரம் பிடிப்பதை விட்டுத் தண்டியைத் தாங்குவதிலேயே களைத்துவிடும்.

மூன்றாவது, தண்டியின் நேர்மை. ஒரு தந்தியை முதல் மெட்டிலும், தண்டி உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தந்தி மெட்டில் உராய்ந்து இரையும். மிகுதியாயின் விரல் நோகும். தண்டியினுள் ஓர் எஃகுக் கம்பி உண்டு. அதனைத் திருகி இவ்வளைவைச் சிறிது சரிசெய்யலாம். முறுக்கிப்போன தண்டியைச் சரிசெய்வது அரிது, அதனை வாங்கற்க.

நான்காவது சோதனை உங்கள் பௌதிகப் பாடமே. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும் என்பது சோனாமீட்டரில் நீங்கள் கண்ட உண்மை. பன்னிரண்டாம் மெட்டு அப்பாதி இடம். அங்கே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சுரம் எழும். பிறகு அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், குதிரையை நகர்த்திச் சரிசெய்ய இடம் இருக்கிறதா என்று காண வேண்டும்.

ஐந்தாவது, நான்கு தந்திகளிலும் இருபது மெட்டுகளிலும், ஆக எண்பது இடங்களிலும், ஒவ்வொன்றாக வாசித்தோம். கடைக்காரர் பொறுமைசாலி, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். சில வாத்தியங்களில் ஓரிரு இடத்தில் சுரம் பிறந்தவுடனே மடிந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கே தெரியும். பிறகு பத்து நிமிடம் பலமாக வாசித்துச் சுருதி நிலைத்திருக்கிறதா என்று பார்த்தோம். செருகிய கம்பியை மெல்ல அசைத்தும், குமிழ்களைத் திருகியும் கரகரப்பு வருகிறதா என்று கேட்டோம். முன்பு எங்களை அவமானத்தில் ஆழ்த்தியது இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமைதான்.

எந்த வகையை வாங்குவது? என் பேரன் தேர்ந்தது பிரிசிஷன் மாதிரியில் அமைந்த, ஒருவர் முன்னரே பயன்படுத்திய வாத்தியம். அதற்கு ஒலியளவுக்கு ஒரு குமிழ், நாதத்தின் தன்மைக்கு ஒரு குமிழ், அவ்வளவே. பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. 1957 முதல் அவ்வகையில் ஒலிவாங்கும் காந்தச் சுருள் இரு கூறாக அமைந்திருப்பதால், மேடை விளக்குகளால் உண்டாகும் இரைச்சல் பெரிதும் அடங்கும். 1960-இல் வந்த 'ஜாஸ் பேஸ்' மாதிரிக்கு இரண்டு சுருள்கள். தண்டியும் தலைப்பக்கம் ஒடுங்கியது. நாத வேறுபாடு வேண்டுவோர்க்கு அது ஏற்றது. இவ்விரண்டிலும் தந்தியின் நீளம் 34 அங்குலம். சிறிய கையுடையோர்க்கு 30 அங்குல வாத்தியங்கள் உண்டு. 1961-இல் பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க் நகரில் வாங்கிய வயலின் வடிவ ஹோப்னர் அத்தகையது. சில வாத்தியங்களுள் பாட்டரி இருக்கும். அவற்றை வைத்திருப்போர் மாற்று பாட்டரி ஒன்று இல்லாமல் மேடை ஏறக்கூடாது.

விலையுயர்ந்த வாத்தியம் இருந்தால்தான் இசை பிறக்கும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 1976-இல் மான்செஸ்டரில் பீட்டர் ஹூக் என்னும் இளைஞர், ஒரு கச்சேரியைக் கேட்ட மறுநாள், தாயாரிடம் 35 பவுன் கடன் வாங்கித் தம் முதல் பேஸை வாங்கினார். அவருடைய ஒலிபெருக்கி எளியது. தாழ்ந்த சுரங்கள் அவர் காதுக்கே எட்டவில்லை. ஆதலின் உயர்ந்த சுரங்களில் வாசிக்கத் தொடங்கினார். ஜாய் டிவிஷன் குழுவின் தனி அடையாளமாக அதுவே ஆயிற்று. 1986-இல் பாஸ்டன் நகரில் பிக்சீஸ் குழுவில் சேர்ந்த கிம் டீல் அம்மையார், தம் இரட்டைச் சகோதரியின் பேஸை இரவல் வாங்கி வாசித்தார். குறை சிலவேளை புதுவழி காட்டும். ஆனால் அவர்கள் கையில் இருந்த கருவி, எளிதாயினும், ஒலித்தது. எளிமை வேறு, நம்பத்தகாமை வேறு.

வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அமைச்சர்க்கும் ஏவலர்க்கும் சொன்ன அந்நெறி கருவிக்கும் பொருந்தும். வாங்குமுன் எல்லா ஐயத்தையும் கேளுங்கள். வாங்கியபின் அதனோடு பழகுங்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-இல் செய்யப்பெற்ற ஒரே பிரிசிஷன் பேஸைக்கொண்டு, தந்தியைக்கூட எளிதில் மாற்றாமல், எத்தனையோ புகழ்பெற்ற பாடல்களைத் தாங்கினார்.

என் பேரனுடைய குழு மீண்டும் மேடை ஏறியது. அன்று பேஸ் வாசித்தவனை அவையில் ஒருவரும் தனியே பாராட்டவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் டிரம் வாசித்த பையன் மட்டும் அவனருகில் வந்து, "இன்னிக்குப் பயமில்லாம வாசிச்சேன்டா" என்றான். மற்றவர் அச்சமின்றித் தம் பணியைச் செய்யும்படி கீழே நின்று தாங்குவதே இவ்வாத்தியத்தின் தொழில். அத்தொழிலுக்குத் தகுதியான கருவியைத் தேடுவோர் கண்ணை நம்பாமல் காதையும் கையையும் நம்புவாராக.

உங்கள் பிள்ளையோ பேரனோ நீங்கள் அறியாத கலையொன்றில் இறங்கினால், கேட்ட பணத்தோடு உங்கள் கவனத்தையும் கொடுங்கள் என்று, இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்க்கும் சொல்லி முடிக்கிறேன்.