எச்சரிக்கை பெறுவது மக்களின் உரிமை



2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அங்கெழுந்த ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோர மக்களை எச்சரிப்பார் எவருமிலர். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அடுத்த ஆண்டே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால், சட்டப் புத்தகம் தானாக எழுந்து வந்து குடிசைக் கதவைத் தட்டாது. எச்சரிக்கையை யார் அறிவிப்பார்? எவ்வழியே செல்வது? எங்கே தங்குவது? இவற்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலாளரிடமும் இன்றே கேளுங்கள், எழுத்தில் பெறுங்கள். தமிழும் அரசகரும மொழியென 1987 முதல் அரசியலமைப்பே கூறுகின்றது. ஆகவே, தமிழிலேயே பெறுங்கள்.

கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாதீர்கள். அறிவித்தலுக்குக் காத்திராது மேட்டுநிலம் செல்லுங்கள். முதலலை வடிந்ததென்று திரும்பாதீர்கள். அடுத்தது அதனினும் பெரிதாகலாம்.

காணி உறுதிகளை நீர்புகா உறையிலிட்டு முன்னரே ஆயத்தமாக வையுங்கள். மறந்துவிட்டால், எடுக்கவென்று திரும்பி ஓடாதீர்கள். பதிவான உறுதிக்குக் காணிப் பதிவகத்திலே பிரதி உண்டு. போன உயிருக்கு எந்தப் பதிவகத்திலும் பிரதி இல்லை.

கேளாத உரிமை கிடைப்பதில்லை. கற்றோரும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒருங்கே சென்று கேட்போமாக!