ஆற்றோரத் திடலும் சங்கத்தின் வேலைதான்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சம்பளத்தைப் பார்ப்பதுதானே சங்கத்தின் வேலை? ஆற்றோரத் திடலும் மரமும் நமக்கு எதற்கு?" என்று போன கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பரமட்டா ஆற்றங்கரையில் ஹன்டர்ஸ் ஹில் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்கே மிஞ்சியிருந்த காட்டுத்துண்டின் பெயர் கெல்லிஸ் புஷ். அதில் வீடு கட்ட ஒரு கம்பெனி வந்தது. ஊர்ப் பெண்கள் 13 பேர் எதிர்த்தார்கள். அரசாங்கம் வரை ஏறி இறங்கியும் பலனில்லை. 1971இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் வந்தார்கள். ஜாக் மண்டி அதன் செயலாளர்.

சங்கம் உடனே தலையாட்டவில்லை. "ஊரைக் கூட்டி ஆதரவைக் காட்டுங்கள்" என்றது. சுமார் 600 பேர் கூடினார்கள். அதன் பிறகு, அந்த இடத்தில் வேலை செய்யமாட்டோம் என்று சங்கம் அறிவித்தது. வெளியாட்களை வைத்துக் கட்டப் பார்த்தது கம்பெனி. அதே கம்பெனியின் வேறொரு கட்டடத்தில் நின்ற தொழிலாளர்கள், அங்கே ஒரு மரத்தைத் தொட்டாலும் இந்தக் கட்டடம் பாதியிலேயே நிற்கும் என்றார்கள். காடு பிழைத்தது. 1983இல் அரசாங்கமே அதை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

அந்தத் தொழிலாளர்கள் கூலிக்கு உழைத்தவர்கள். வேலையை மறுத்தால் போவது அவர்கள் வீட்டுச் சோறு. தெரிந்தேதான் மறுத்தார்கள்.

அண்ணே, நம் லயத்துப் பிள்ளைகளுக்கு விளையாட வேறு திடல் இல்லை. சங்கம் பேசும். முதலில் நாம் கூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் வாசலுக்குக் குடும்பத்தோடு வாருங்கள்.