இரண்டு மின்சாரம் ஒரே கம்பியில் சேரக்கூடாது



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நமக்கு ஜெனரேட்டர் புதிய பொருளன்று. பல தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் இஞ்சின் கொட்டகையில் சத்தம் கேட்கும். லயத்தில் விளக்கு எரியும். சில மணி நேரத்தில் இஞ்சின் நின்றுவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் கம்பிகளில் மின்சாரம் வர அந்த ஓர் இஞ்சினைத் தவிர வேறு வழி கிடையாது.

பின்னர் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட, நம் குடும்பங்கள் பல கம்போங் மேடான் போன்ற இடங்களுக்கு வந்து சேர்ந்தன. இங்கே வீட்டுக் கம்பி தனிக்கம்பியன்று. தெருக்கம்பியோடும், அதன் வழியாக நாட்டின் மின்வலையோடும் இணைந்தது. தோட்டத்தில் கண்ட இஞ்சினை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே ஜெனரேட்டரை இணைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலையில் தீபகற்ப மலேசியா முழுவதுமே மின்சாரம் இழந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரம் மூழ்கியபோது மக்கள் இருளில் தவித்தார்கள். இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைப்பதில் தவறில்லை. அதை எப்படி இணைக்கிறோம் என்பதே கேள்வி.

சிலர் ஒரு வயரின் இரண்டு முனையிலும் மூன்று கால் பிளக்கைப் பொருத்தி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக்குத் துளையிலும் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது, செலவும் இல்லை. ஆனால் சுவரிலிருந்து அந்தப் பிளக்கு கழன்றால், அதன் கால்களில் 240 வோல்ட்டு வெளியே தெரிய நிற்கும். குழந்தையின் விரல் பட்டால் போதும்.

அதைவிடப் பெரிய கேடு வீட்டுக்கு வெளியே நடக்கிறது. தெரு மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. கீழ்ப்பக்கமிருந்து நாம் மின்சாரம் செலுத்தினால், அதே மின்மாற்றி அதை 11,000 வோல்ட்டு அளவுக்கு உயர்த்தி மேலே அனுப்பும். அக்கம்பக்கத்து வீடுகளின் சுமை தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். பல வேளைகளில் அது உண்மைதான். ஆனால் நம் வீட்டருகே கம்பி அறுந்திருந்தால், இழுத்து நிறுத்தச் சுமையே இராது. பழுது பார்க்க ஆள் வருவதும் அந்த இடத்துக்குத்தானே! கம்பத்தில் ஏறுகிறவரும் நம்மைப்போல் உழைத்துச் சம்பாதிக்கும் தொழிலாளிதான்.

“மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தானே போடுகிறோம்?” என்று கேட்கலாம். பக்கத்து வீட்டில் விளக்கு வந்ததைக் கண்டதும் பாட்டியோ பையனோ அதைத் தூக்கிவிட்டால்? இரு மின்சாரமும் மோதி ஜெனரேட்டர் எரிந்து போகும். மறதியை நம்பி உயிரை வைக்க முடியாது.

இதற்கென்றே இருப்பது மாற்றுச் சுவிட்சு. அதன் கைப்பிடி ஒரு பக்கம் நின்றால் தெரு மின்சாரம். மறுபக்கம் நின்றால் ஜெனரேட்டர். நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டும் சேர அதன் அமைப்பே இடம் கொடாது. வீட்டுக்குப் பொருத்துவது இரு முனைச் சுவிட்சாக இருக்கவேண்டும். மின்கம்பியோடு நியூட்ரல் கம்பியையும் அது பிரிக்கவேண்டும். எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனே இதைப் பொருத்தலாம். எர்த்துக் கம்பியையும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவி ஜெனரேட்டரில் ஓடும்போதும் வேலை செய்கிறதா என்பதையும் அவரையே சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

அதற்குப் பணம் இல்லையென்றால், வீட்டுக் கம்பியைத் தொடவே வேண்டாம். வெளிப்புறத்துக்கேற்ற தடித்த நீட்டிப்பு வயரை ஜெனரேட்டரில் செருகி, குளிர்பெட்டி, ஒரு விசிறி, ஒரு விளக்கு இவற்றை நேரே இணையுங்கள். 2,000 வாட்டு இயந்திரத்துக்கு இவ்வளவு போதும்; குளிர்பெட்டி ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு இழுக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. வெந்நீர்க் கருவியை மறந்துவிடுங்கள்.

இயந்திரம் திறந்த வெளியில், கதவு சன்னல்களிலிருந்து இருபதடியாவது தள்ளி, மழை படாமல் நிற்கவேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. உறங்குகிறவர் உறக்கத்திலேயே போய்விடுவார். அடுக்குமாடி வீட்டில் இருப்போர் பால்கனியிலோ நடைவழியிலோ இதை ஓட்டவே கூடாது. அவர்களுக்கு மின்கல விளக்கே ஏற்றது.

தெரு மின்சாரம் திரும்பியதும் அவசரப்படாமல், முதலில் சாதனங்களை அணையுங்கள். பிறகு கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து ஜெனரேட்டரை நிறுத்துங்கள். அதன்பிறகே கைப்பிடியைத் தெருப்பக்கம் திருப்பவேண்டும். பெட்ரோல் ஊற்றுவதாயின் இயந்திரம் ஆறியபின் ஊற்றுங்கள்.