கண் காணும் எழுத்தும் காது அறிந்த சொல்லும்
(தாய்மொழிக் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘வீட்டிலே பேசும் தமிழ் தானே வந்துவிடும், முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் படித்தால்தான் பிள்ளைக்கு நாக்குத் திரும்பும்’ என்று நம்மவரே சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றை வகுப்பறையில் வைத்தே ஆய்ந்து பார்த்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லவே வந்தேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைசீரியாவும் நம்மைப்போல் ஆங்கிலேயனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. அங்கே இயோருபா பேசும் பகுதியில் அந்நாளில் முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியில் நடந்தன. நான்காம் வகுப்பில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. வேர் பிடிக்கும் முன்பே நாற்றைப் பிடுங்கும் வேலை! 1970ஆம் ஆண்டில், இஃபே பல்கலைக்கழகப் பேராசிரியர் பஃபுன்வாவும் அவர்தம் குழுவினரும் முதலில் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொண்டு, ஆறாண்டுக் கல்வி முழுவதையும் இயோருபாவிலேயே கற்பிக்கத் தொடங்கினர். கணக்கும் இயோருபாவில், அறிவியலும் இயோருபாவில். கலைச்சொல் இல்லையே என்று அவர்கள் கைபிசைந்து நிற்கவில்லை. சொல்லை ஆக்கினர், பாடநூலை எழுதினர். ஆங்கிலத்தை விலக்கினரா? இல்லை. அதற்கெனத் தனி ஆசிரியரை அமர்த்தி, ஒரு மொழிப்பாடமாக மட்டும் கற்பித்தனர். பழைய முறையில் பயின்றவர்களோடு ஒப்பிட்டபோது, இப்பிள்ளைகள் எப்பாடத்திலும் தாழவில்லை. பலவற்றில் மேம்பட்டும் இருந்தனர். ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை!

இஃது எங்ஙனம் இயன்றது? ‘ப’வையும் ‘ல்’லையும் கூட்டி ஒலிக்கும் தமிழ்க்குழந்தை, ‘பல்’ என்றதும் தன் பல்லைத் தொட்டுப் பார்க்கிறது. அச்சொல் முன்பே அதன் காதில் இருக்கிறது. எழுத்து என்பது பேச்சின் வடிவம் என்று அந்நொடியில் அதற்கு விளங்கிவிடுகிறது. அவ்விளக்கம் ஒருமுறை வந்தால் போதும். பின்னர் எம்மொழியைப் படிக்கவும் அது துணைநிற்கும். அறியாத மொழியிலோ, எழுத்தைக் கூட்டினாலும் எதிர்கொள்ள உள்ளே சொல் இல்லை. மிஞ்சுவது கிளிப்பேச்சே.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இயோருபாவுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்றே, உரோம எழுத்து. நம் குழந்தைக்கு எழுத்தும் வேறு, மொழியும் வேறு, சுமை இரட்டிப்பு. ஆகவே தாய்மொழியில் காலூன்ற நம் குழந்தைக்குக் கூடுதல் காலம் வேண்டும். நாமோ 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கினோம்!

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். தாளவாடி மலையில் கன்னடம் பேசும் குழந்தைக்கும், நீலமலையில் படுகும் தோடமும் பேசும் குழந்தைக்கும் இதே நெறிதான். அவர்தம் வீட்டுச்சொல்லை இகழ்ந்துவிட்டு நம் தாய்மொழிக்கு வழக்காடுவது நேர்மையாகாது. அக்குழந்தையின் மொழியறிந்த ஆசிரியரை முதல் வகுப்பில் அமர்த்துங்கள். அதன் பேச்சிலிருந்தே தமிழெழுத்துக்கு அழைத்து வாருங்கள். இதனையும் நம் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு இம்மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.