பரீட்சையும் படிப்பே
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமது சங்கத்தினர் பலர் இன்று இங்கும் வெளிநாடுகளிலும் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறார்கள். ஏனையோர் பிள்ளைகளின் புள்ளிகளை எண்ணிக் கவலைப்படும் தாய்மார். ஆகவே பரீட்சையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசலாம் என்று நினைத்தேன்.

பரீட்சை என்றதும் சித்தியும் தோல்வியுமே நினைவுக்கு வருகின்றன. அது படிப்பு முடிந்தபின் வருவது என்றே எண்ணுகிறோம். ஆனால் நாம் எதைச் சோதிக்கிறோமோ அதையே மாணவர் படிக்கிறார்கள். இதை மருத்துவக் கல்வி நன்றாகக் காட்டியிருக்கிறது.

முன்னாளில் மருத்துவ மாணவருக்கு ஒரு நோயாளியைக் கொடுத்துத் தனியே விட்டுவிடுவார்கள். பின்னர் பரீட்சகர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். நோயாளியுடன் அவர் எப்படிப் பேசினார், வயிற்றை எப்படித் தொட்டுப் பார்த்தார் என்பதைப் பெரும்பாலும் எவரும் கண்டதில்லை. எளிய நோயாளி கிடைத்தால் அதிர்ஷ்டம். 1975இல் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு மாற்றாக ஒரு முறையை வெளியிட்டார்கள். நாம் இன்று ‘ஒஸ்கி’ என்று சொல்வது அதைத்தான். எல்லா மாணவரும் ஒரே வரிசையான நிலையங்களைக் கடந்து, பரீட்சகரின் கண்முன்னே செய்து காட்ட வேண்டும். செய்து காட்டக் கேட்டதும் மாணவர்கள் செய்து பழகத் தொடங்கினார்கள். அதேவேளை, சிலர் புள்ளிப் பட்டியலையே மனனம் செய்யவும் தொடங்கினார்கள்!

1990இல் ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் நான்கு படிகளைச் சொன்னார்: அறிந்திருத்தல், எப்படிச் செய்வதென்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். எழுத்துப் பரீட்சை முதலிரு படிகளோடு நின்றுவிடும். நெஞ்சு நோவுடன் இரவில் வாட்டுக்கு வரும் ஒரு தாய்க்கு நான்காவது படியில் நிற்கும் வைத்தியரே தேவை.

அந்தப் படிக்கு ஏற்றுவது எது? புள்ளி மட்டுமல்ல. 1988இல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் பாடசாலை மாணவரை மூன்று குழுக்களாக்கினார். ஒரு குழுவுக்குப் புள்ளி, மற்றதற்குக் குறிப்புரை, மூன்றாவதற்கு இரண்டும். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்புரையால் பயன் கிட்டவில்லை. புள்ளியைக் கண்ட கண் கீழே எழுதியதைப் பார்ப்பதில்லை போலும்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் பல்கலைக்கழக மாணவரிடம் செய்த ஆய்வும் கவனிக்கத்தக்கது. ஒரு பகுதியினர் பாடத்தை மீண்டும் வாசித்தார்கள். மறுபகுதியினர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின் அவர்களுக்கு நினைவிருந்தது 42 வீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். சோதித்துப் பார்ப்பதே ஒரு படிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கற்பிக்கும் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள்கள். இறுதிப் பரீட்சைக்கு முன்பே, புள்ளி சேராத சிறு சோதனைகளை அடிக்கடி வையுங்கள். விடைத்தாளில் ‘கவனம் போதாது’ என்று எழுதாமல், அடுத்த முறை என்ன செய்ய வேண்டுமென்று ஒரு வரி எழுதுங்கள். வகுப்பில் பாதிப்பேர் ஒரே கேள்வியில் தவறினால், அந்தப் பாடத்தை மறுபடி வேறுவிதமாகக் கற்பியுங்கள். அந்தத் தவறு எமக்குக் கிடைத்த குறிப்புரை.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். முதலிடம் பெறுபவருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கிறோம், அது தொடரட்டும். அதனுடன், முதலாம் தவணையிலிருந்து மூன்றாம் தவணைக்குள் மிகக் கூடுதலாக முன்னேறிய மாணவிக்கும் ஒரு பரிசை இந்த நூற்றாண்டு ஆண்டிலிருந்து வழங்குவோம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் அந்த மேடை எட்டட்டும்.